சின்ன அறைகளிலேயே பாடு

அன்புள்ள கண்ணம்மா,

33 வயதாகியும் 50 பேர் உட்காரும் அறைகளில்தான் பாடிக்கொண்டிருக்கிறேன், இனிமேல் என்ன வந்துவிடப்போகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அமெரிக்க இசைக்கலைஞர் லாரி ஆண்டர்சன்தான் நினைவுக்கு வந்தார்.

1970களில் அவர் வயலினோடு தெருவில் நின்றவர். ஸ்கேட்டிங் காலணிகளைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்து, அவற்றைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். கட்டி உருகி, நிற்க முடியாமல் போனால் கச்சேரி முடிந்தது. 1977இல் வில்லில் குதிரை முடிக்குப் பதிலாக, பதிவு செய்த ஒலிநாடாவைக் கட்டினார். அதைப் படிக்கும் டேப் ஹெட்டை வயலினில் பொருத்தினார். வில்லை ஒரு பக்கம் இழுத்தால் பேச்சு வரும், மறுபக்கம் தள்ளினால் அதே பேச்சு தலைகீழாக வரும். இழுக்கும் வேகத்துக்கு ஏற்பக் குரல் தடிக்கும், மெலியும். எத்தனை நாள் உட்கார்ந்து இதைப் பழகியிருப்பார் என்று யோசித்துப் பார்!

அவருடைய ‘ஓ சூப்பர்மேன்’ 1981இல் பிரிட்டிஷ் பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற பாட்டு. அப்போது அவருக்கு வயது 34. கலைக் கேலரிகளிலும் தெருவிலும் கழித்த வருடங்கள் இல்லாமல் அந்தப் பாட்டு பிறந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். பட்டியலில் வராமலே போயிருந்தாலும் அந்த வயலின் அதே வயலின்தான்.

நடுவில் கொஞ்ச காலம் ஒதுங்கி இருக்கத் தோன்றினாலும் சரி, இரு. அமெரிக்க ராக் பாடகி பாட்டி (Patti) ஸ்மித் 1979க்குப் பிறகு மேடையை விட்டு, டெட்ராய்ட் பக்கம் குடும்பத்தோடு இருந்தார். 90களின் நடுவில் திரும்பி வந்தார், இன்னும் பாடுகிறார்.

ஆனால் காது போனால் திரும்ப வராது. 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. நீ டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாய். பஞ்சு போதாது, இசைக்கலைஞர்களுக்கென்றே செய்கிற காதடைப்பான் வாங்கிக்கொள். ஒத்திகையிலும் போட்டுக்கொள், ஒத்திகைதான் அதிக நேரம் நடக்கிறது.

அப்புறம், ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவு செய்து வை. உங்கள் கலை அந்த இரவோடு முடிந்துவிடுகிறது. பிறகு யாராவது தேடினால் எதையாவது காட்ட வேண்டாமா?

புதிய பாட்டின் நடுவில் நீ ஒன்றும் பேசாமல் நிற்கிற இடத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றாயே, குறைக்காதே. பார்ப்பவர்கள் நெளிந்தால் நெளியட்டும்.

அன்புடன்,
அப்பா