ஆற்றுக்குப் போகும் மழை

பீஷான், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பர் செல்வம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பணி மாற்றம் பெற்றுச் சென்னைக்கே திரும்பிவிட்ட செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இங்கு அனைவரும் நலம்.

உங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால், தேங்கிய வெள்ளத்தை ஒரே இரவில் அடையாற்றில் சேர்த்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குள் நீர் புகாதது பெரிய நிம்மதிதான். ஆயினும் அந்த நீரோடு எவையெல்லாம் ஆற்றுக்குப் போயிருக்கும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்திருக்கும் எண்ணெய், டயர்த் துகள், குப்பை, விலங்குக் கழிவு ஆகியவற்றையும் அடித்துக்கொண்டே போகிறது.

இங்கே இதை அலட்சியம் செய்ய முடியாது. இத்தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. தெருவில் விழும் மழை கால்வாய் வழியே நீர்த்தேக்கத்தை அடைந்து, சுத்திகரிக்கப்பட்டு, எங்கள் வீட்டுக் குழாய்க்கே வருகிறது. அதனால்தான் மழைநீருக்கும் சாக்கடைக்கும் தனித்தனி வழிகள் அமைத்திருக்கிறார்கள். 1977இல் தொடங்கிப் பத்தாண்டு நீடித்த சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவு நடந்திராவிட்டால், 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டுக்குப் பின்னால் குடிநீருக்கு உகந்த ஏரி உருவாகியிருக்காது என்றே நம்புகிறேன்.

நீங்கள் வந்தால் முதலில் அழைத்துச் செல்ல விரும்பும் இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அதன் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய காங்கிரீட் கால்வாயை உடைத்து, 2012இல் அதை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாகப் பூங்காவுக்குள் விட்டார்கள். கரையைக் கற்களும் செடிகளின் வேர்களும் பிடித்து நிறுத்துகின்றன. கனமழையில் நீர் புல்வெளிமீது பரவுகிறது. அதற்கு முன்பே எச்சரிக்கை ஒலித்து மக்களை மேடான இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேகம் குறைந்தால்தான் வண்டல் கீழே படியும், மண்ணும் வேரும் அழுக்கை வடிகட்டும். நீரை விரைந்து வெளியேற்றுவதை மட்டுமே குறியாகக் கொண்ட வடிகாலில் இதற்கு அவகாசமே இல்லை. இங்கு நீர் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2014 முதல், 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டுவோர் மழைநீரைத் தம் வளாகத்திலேயே சற்றுத் தேக்கி மெல்ல விட வேண்டும் என்று விதித்துள்ளது.

சிங்கப்பூர் பெருஞ்செலவில் உருவாக்குவதில் ஒரு பகுதியை உங்கள் ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இயல்பாகவே செய்துவந்தன. அவற்றில் எஞ்சியதைக் காப்பது எந்தப் புதிய வடிகாலைவிடவும் அவசரமானது.

உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மழையே இல்லாத மே மாதத்தில் அந்தப் புதிய வடிகாலின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அதில் நீர் ஓடினால், யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் இணைத்திருக்கக்கூடும். மாநகராட்சிக்கு உடனே எழுதிக் கொடுங்கள். கண்டதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்