லூப் அன்டெனாத் தொகுதியில் தவறான கண்டென்சரும் பிழையான செய்முறைத் தாளும் - முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
விற்பனைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்களிடம் நாங்கள் மூவர் ஆளுக்கொன்றாக வாங்கிய மத்திய அலை லூப் அன்டெனாத் தொகுதிகள் (சட்டத்தில் கம்பியைச் சுற்றி அன்டெனா செய்வதற்கான பொருட்கள்) மூன்றிலும் ஒரே குறைகள்தான். பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்துள்ளோம்.

பெட்டியில் 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சர் (தண்டைத் திருப்பி நிலையம் பிடிக்கும் மாறும் கண்டென்சர்) என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருப்பதோ கைரேடியோக்களில் வரும் சின்னப் பிளாஸ்டிக் கேங். மீற்றரில் அளந்தோம்: ஒரு பகுதி 140 பிகோஃபாரட், மற்றது 60. தாளில் சொன்னபடி 60 செ.மீ. பக்கமுள்ள சட்டத்தில், 5 மி.மீ. இடைவெளியில் 13 சுற்றுச் சுற்றினால் தூண்டற்றிறன் (இன்டக்டன்ஸ்) ஏறத்தாழ 240 மைக்ரோஹென்றி வரும். அந்தச் சுருள் 531 கிலோஹேர்ட்ஸ் வரை இறங்க 365 கட்டாயம் வேண்டும். 140 பகுதியை மட்டும் இணைத்தால் 800 கிலோஹேர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டையும் சமாந்தரமாகப் போட்டாலும் 690க்குக் கீழே போகாது. 612இல் பெங்களூரு வானொலி கேட்க ஆசைப்பட்டு வாங்கியவருக்கு இந்தத் தொகுதியால் ஒரு பயனும் இல்லை.

180 பிகோஃபாரட் மைக்கா கண்டென்சர் ஒன்றை ஒரு சுவிட்சோடு சேர்த்தால் கீழ்ப்பகுதி கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். காசு கொடுத்தது 365க்கு.

கம்பியும் போதாது. 13 சுற்றுக்கு 31.2 மீற்றர் வேண்டும், கண்டென்சருக்குப் போகும் முனைகள் வேறு. நீங்கள் வைத்தது 30 மீற்றர். 12 சுற்றோடு நிறுத்தினால் அடி எல்லை 740 அளவுக்கு ஏறிவிடும், 720இல் வரும் சென்னையும் போய்விடும். எனாமலைச் சுரண்டிப் பற்றவைத்து நீட்டலாம்தான். ஆனால் கடற்கரை வீட்டில் அந்தப் பொருத்து சில மாதங்களில் பச்சை பூக்கும், சுருள் நிலையங்களைப் பிரித்தெடுக்கும் கூர்மையும் மழுங்கும்.

கேங்கைப் பூட்டத் தந்த திருகாணிகள் மிக நீளம். ஒரு தொகுதியில் ஆணி நுனி உள்ளே போய்த் தகட்டை முட்டியதால் தண்டு பாதியில் இறுகிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தது.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு மனவருத்தம் தருவது செய்முறைத் தாள். “சட்டத்தின் முகப்பை நிலையத்தை நோக்கித் திருப்பவும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறு! லூப் அலையைக் கூடுதலாக வாங்குவது விளிம்புப் பக்கத்திலிருந்து. முகப்புப் பக்கத்தில், அதாவது சுருளின் நடுவெளி தெரியும் பக்கத்தில்தான் ஒலி அமுங்கும். கொழும்பிலிருந்து சென்னை ஏறத்தாழ நேர் வடக்கு. ஆகவே சட்டத்தின் தளம் வடக்கு தெற்காக நிற்க வேண்டும். ரேடியோவின் உள்ளே அன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கோல் அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக, சுருளுக்குக் கிட்ட இருக்க வேண்டும். அடுத்த வீட்டு எல்.ஈ.டி. விளக்கின் இரைச்சல் வரும் திசைக்குத்தான் முகப்பைக் காட்டுவது. முதன்முதலாகச் சுருள் சுற்றிப் பார்க்கும் ஒரு பிள்ளை உங்கள் தாளை நம்பினால், ஒன்றும் கேட்காமல், தன் கைவேலைதான் பிழை என்று நினைத்துச் சட்டத்தை மூலையில் போட்டுவிடும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் மூன்று தொகுதிகளுக்கும் 365 பிகோஃபாரட் காற்றுத்தகட்டு கேங்கும், துண்டில்லாத 33 மீற்றர் கம்பியும் அனுப்புங்கள்; முடியாவிட்டால் கூரியர் கட்டணத்தோடு முழுப்பணத்தையும் திருப்பித் தாருங்கள். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவோம். கடையில் இன்னும் விற்காமல் இருக்கும் பெட்டிகளில் தாளை இப்போதே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் மூவர்