லாட மூக்கு வவ்வாலும் உன் மாடும்

டேய் மாப்ள சரவணா,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன்டா, பதில் போடத்தான் கை வரல, திட்டறதை நேர்ல திட்டிக்கோ. தங்கச்சிக்கு முட்டி வலி பரவாயில்லையா? இங்க எல்லாரும் சவுக்கியம், மழைதான் விட மாட்டேங்குது.

விஷயத்துக்கு வரேன். ஹாஸ்டல்ல வவ்வால்னு நீ எனக்கு வச்ச பேரு இப்பத்தான் சரியாப் பொருந்துது, வார்டன் காதுக்குப் போயிடப் போகுது! இங்க இங்கிலாந்துல, க்ளஸ்டர்ஷயர்ல உட்செஸ்டர் மேன்ஷன்னு ஒரு பங்களா, விக்டோரியா ராணி காலத்துல கட்ட ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க, மாடிக்குத் தளமே இல்ல, கணப்பு அடுப்பு மட்டும் சுவர்ல அந்தரத்துல நிக்குது. மேல பரண்ல பெரிய லாட மூக்கு வவ்வால், பிரசவத்துக்குன்னே பொம்பளைங்க கூடற இடம். கிட்டப் போய்த் தொந்தரவு பண்றது சட்டப்படி குத்தம், அதான் இன்ஃப்ராரெட் கேமரா வச்சு கீழ ஸ்க்ரீன்ல காட்டறாங்க. ரோஜர் ரான்சம்னு ஒருத்தர் 1959லேர்ந்து இதுங்களையே ஆராய்ச்சி பண்ணியிருக்கார், நம்மளால ஒரு டிகிரிய உருப்படியா முடிக்க முடியல.

வருஷத்துக்கு ஒரே குட்டிதான்டா. தாய் தலைகீழாத் தொங்க, குட்டி அதைக் கட்டிக்கிட்டு தலை மேலயா இருக்கு. தாய்க்கு அடிவயித்துல பால் வராத ரெண்டு பொய்க்காம்பு உண்டு, குட்டி வாயால கவ்விப் பிடிச்சுக்கறது அதைத்தான். திடீர்னு சின்ன இறக்கையை விரிச்சுப் பாக்கும், உடனே சுருட்டிக்கும். நான் பேன்னு பாத்துக்கிட்டு நிக்கறேன், உன் அண்ணி கார்ல உக்காந்து ஹாரன் அடிக்கறா.

இப்ப சிரிக்காம கேளு. வசந்தம் குளிரா இருந்தா பூச்சி குறையும், பிரசவம் தள்ளிப்போகும், லேட்டாப் பொறந்த குட்டி குளிர்காலத்துக்குள்ள உடம்புல கொழுப்பு சேக்கறது கஷ்டம். போன மே மாசம் நான் ஸ்வெட்டர கழட்டவே இல்லடா. பறக்கப் பழகற குட்டி முதல்ல தின்னறது பெரும்பாலும் சாணி வண்டு, அதுக்குப் பக்கத்துலயே மாடு மேயணும். ஆனா மாட்டுக்கு வயித்துப் பூச்சிக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி போட்டா மருந்து சாணியில வந்துடுது, அதுல வளர்ற வண்டுப் புழு செத்துப்போகுது. மாட்டுக்குப் போடற ஊசி பரண்ல இருக்கற குட்டி வயித்துல அடிக்குதுடா. இதைக் கேட்டதும் எனக்கு உன் தொழுவம்தான் கண்ணுல வந்துச்சு.

பூச்சி மருந்தே வேண்டாம்னு சொல்லல, மாடு மெலிஞ்சா நீ என் கழுத்தைப் பிடிப்ப. சாணிய டெஸ்ட் பண்ணி, புழு இருக்கற மாட்டுக்கு மட்டும் போடலாமாம். நம்ம டாக்டர்கிட்ட கேட்டுப் பாரேன், அப்படியே நீ போடற ஊசி பாட்டிலையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மழை பேஞ்சப்புறம் உன் காட்டுல சாணி உருட்டற வண்டு இன்னும் வருதா?

பொங்கலுக்கு வரேன். ரமணிகிட்ட சொல்லாத, காசு கேப்பான்.

உன்,
வவ்வால்