சாவைத் தலைப்பில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் யாராவது இறந்துபோனால் பத்திரிகைகள் இரண்டே விதமாகத்தான் எழுதுகின்றன. ஒன்று, ‘இன்னார் மாண்டார்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இன்னொன்று, ‘எப்படியும் திரும்பி வரப்போகிறவருக்கு இந்த ரசிகர்கள் ஏன் இப்படிக் குமுறுகிறார்கள்?’ என்ற கேலி. ரசிகர்களுக்குச் சாவின்மேல் கோபம் இல்லை. செத்தவன் எதற்காகச் செத்தானோ, அந்தக் கணக்கை அடுத்து வரும் கதாசிரியர் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் கோபம். விண்வெளிக் கதைகளில் இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் அங்கே கணக்கு பல ஆண்டுகள் ஓடும்.

1982ல் ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த ‘தி டெத் ஆஃப் கேப்டன் மார்வல்’ புத்தகத்தைப் பாருங்கள். (நிறுவனம் மார்வல், வீரன் மார்-வெல். நடுவில் உள்ள கோட்டை விட்டால் குழப்பம்தான்.) கிரீ என்ற வேற்றுக்கோள் இனத்துப் போர்வீரனான மார்-வெல் எதிரியின் கையால் சாகவில்லை. சனிக்கோளின் நிலாவான டைட்டனில், கட்டிலில், புற்றுநோயால் சாகிறான். அந்த நோய் திடீரென்று வந்ததல்ல. 1974ல் அவனுடைய இதழின் 34ஆம் எண்ணில் நைட்ரோ என்பவனோடு நடந்த சண்டையில் நரம்பு வாயுக் கலன் ஒன்று கசிகிறது. அதை அடைத்துவிட்டுத்தான் அவன் மயங்கி விழுகிறான். அன்று மூச்சில் போனது எட்டு ஆண்டு கழித்து வட்டியோடு வருகிறது. அவனுக்குச் சக்தி தரும் நெகா வளையங்கள்தான் இத்தனை நாள் நோயை அடக்கி வைத்திருந்தன. மருந்தை வேலை செய்யவிடாமல் தடுப்பதும் அதே வளையங்கள்தான். சண்டைக் கதையில் இவ்வளவு கச்சிதமான முடிச்சு அபூர்வம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு காட்சி. கட்டிலைச் சுற்றிப் பூமியின் வீரர்கள் கூடியிருக்கிறார்கள். ஸ்பைடர்மேனுக்கு அங்கே நிற்க முடியவில்லை, அறையைவிட்டு வெளியேறிவிடுகிறான். பரம எதிரிகளான ஸ்க்ரல் இனத்திலிருந்து ஒரு தளபதி வந்து வீரப் பதக்கம் தந்து வணங்குகிறான். அதற்கு முன்பே, மார்-வெல்லின் தோழன் ரிக் ஜோன்ஸ் வீரர்களைப் பார்த்துச் சீறியிருப்பான்: இத்தனை அறிவு இருந்தும் இந்த நோய்க்கு இதுவரை ஏன் மருந்து தேடவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஸ்டார்லினின் தகப்பனார் புற்றுநோயால் இறந்தவர். அந்தத் துக்கம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பிற்பாடு மார்-வெல் வந்துவிட்டதாக 2007ல் ஒரு கதை காட்டியது. கடைசியில் பார்த்தால் அது வேடமிட்ட ஸ்க்ரல். காமிக்ஸ் உலகில் கிட்டத்தட்ட நிலைத்துவிட்ட சாவு இது. இதைப் பற்றி ரசிகர்கள் யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

2010ல் டான் அப்னெட், ஆண்டி லானிங் இருவரும் எழுதிய ‘தி தானோஸ் இம்பெரேட்டிவ்’ இந்தச் சாவைத் தலைகீழாகத் திருப்பியது. வேறொரு பிரபஞ்சத்தில் மார்-வெல் நோயோடு சாக மறுத்து இருள் தெய்வங்களோடு ஒப்பந்தம் போட்டுவிடுகிறான். அங்கே சாவே கிடையாது. அதனால் உயிர் அடங்காமல் வளர்ந்து வளர்ந்து பிரபஞ்சமே ஒரு புற்றாகிவிடுகிறது. ‘கேன்சர்வர்ஸ்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்த உலகத்தைக் கொடிய வில்லன் தானோஸோடு சேர்த்துப் பூட்ட, நோவா என்ற பெயரில் போராடும் ரிச்சர்ட் ரைடரும் ஸ்டார்-லார்ட் என்ற வீரனும் உள்ளேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களின் தோழன் டிராக்ஸ் அதற்கு முன்பே தானோஸிடம் பலியாகிவிட்டான். வீரன் சாகாவிட்டால் உலகம் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் கதை முழுக்கச் சொல்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? 2012ல் வேறொரு இதழில் ஸ்டார்-லார்டும் டிராக்ஸும் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றார்கள். எப்படித் தப்பினார்கள், நோவா எங்கே என்பதற்கு ஒரு வரி விளக்கம் கூட இல்லை. அவர்கள் இருக்கும் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ குழுவின் திரைப்படம் 2014ல் வரவிருந்தது, குழு தேவைப்பட்டது, அவ்வளவுதான். விளக்கம் வந்ததே 2014ல்தான், ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ 18 முதல் 20 வரையிலான மூன்று இதழ்களில். ரிச்சர்ட் ரைடர் திரும்ப 2016 கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரசிகர்கள் கொதித்தது நியாயம். சாவே இல்லாத உலகம் நரகம் என்று 2010ல் சொன்ன அதே பதிப்பகம், இரண்டே ஆண்டில் சாவைத் துடைத்துப் போட்டது.

இந்த வருத்தம் உங்களுக்கும் விளங்க வேண்டுமென்றால் வரிசை தப்பாமல் படிக்க வேண்டும். சிங்கப்பூரில் நூலகத்துக்குப் போகும் புது வாசகர்கள் சறுக்குவது இங்கேதான். முதுகில் ‘தொகுப்பு 1’ என்று போட்ட ‘கார்டியன்ஸ்’ புத்தகம் ஒன்றுக்கு மேல் உண்டு. குழப்புவது இரண்டு: 2008ல் தொடங்கிய தொடரின் முதல் தொகுப்பு, 2013ல் தொடங்கிய தொடரின் முதல் தொகுப்பு. அலமாரியில் பளபளப்பாக இருப்பது இரண்டாவது. அதை முதலில் எடுத்தால் ஸ்டார்-லார்ட் உயிரோடு சிரித்துக்கொண்டிருப்பார். பிறகு 2010ன் முடிவைப் படிக்கும்போது, “ஓ, அவர்தான் வந்துவிடுகிறாரே” என்று கை தானாகப் பக்கத்தைப் புரட்டிவிடும். அட்டையைத் திறந்து பதிப்புரிமைப் பக்கத்தில் முதலில் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். தொகுப்பு எண்ணை நம்பாதீர்கள்.

வரிசை இதுதான். முதலில் 2005ன் ‘டிராக்ஸ் தி டெஸ்ட்ராயர்’, 4 இதழ். அடுத்து 2006ன் ‘அனைஹிலேஷன்’: முன்னுரை 1 இதழ், பிறகு நோவா, சில்வர் சர்ஃபர், சூப்பர்-ஸ்க்ரல், ரோனன் ஆகிய நான்கு பேருக்கும் தலா 4 இதழ், அதன்பிறகு மையக் கதை 6 இதழ். மொத்தம் 23. பலர் அந்த 6 இதழ்களை மட்டும் படித்துவிட்டு, ‘யார் யாரோ வருகிறார்கள், யார் யாரோ சாகிறார்கள்’ என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வில்லன் அனைஹிலஸ் கையில் சக்தி தரும் குவாண்டம் வளையங்கள் எப்படி வந்தன என்பது அந்த ஆறில் புரியாது. நோவாவின் நான்காவது இதழில் குவேசார் என்ற வீரனைக் கொன்று அவன் பறித்தவை அவை. அதைப் படித்திருந்தால்தான் மையக் கதையின் கடைசியில் ஃபைலா-வெல் அந்த வளையங்களை எடுத்து அணியும்போது நெஞ்சு அடைக்கும். ஃபைலா-வெல் யார்? 1982ல் செத்த மார்-வெல்லின் மகள். இதற்குப் பிறகு ‘அனைஹிலேஷன்: கான்க்வெஸ்ட்’, 2008ன் ‘கார்டியன்ஸ்’, ‘வார் ஆஃப் கிங்ஸ்’, கடைசியாக ‘இம்பெரேட்டிவ்’. பொறுமை இல்லாதவர்கள் 1982 புத்தகத்தையும் 2010 கதையையும் மட்டுமாவது அடுத்தடுத்துப் படியுங்கள்.

மற்றச் சாவுகளுக்கும் இதே கணக்குதான். 1980ல் எக்ஸ்-மென் 137ஆம் இதழில் ஃபீனிக்ஸ் எனப்படும் ஜீன் நிலாவில் தன்னையே அழித்துக்கொள்கிறாள். கதாசிரியர் கிளேர்மான்ட்டும் ஓவியர் பர்னும் முதலில் அமைத்த முடிவில் அவள் சக்தியை மட்டும் இழந்து பிழைத்திருப்பாள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் அதை ஏற்கவில்லை: 135ஆம் இதழில் ஐந்து பில்லியன் பேர் வாழ்ந்த உலகத்தை எரித்தவளை அப்படி விட முடியாது. ரசிகர்கள் அழுதார்கள், ஆனால் அந்த நியாயம் புரிந்து அழுதார்கள். 1986ல், ‘எரித்தது அவளல்ல, அவள் உருவில் இருந்த சக்தி, நிஜமான ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்’ என்றார்கள். பழைய காதலியான அவளைத் தேடி எக்ஸ்-மென் வீரன் சைக்ளாப்ஸ் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போகிறான். திரும்பி வந்தவளுக்கான விலையை எந்தப் பாவமும் செய்யாத ஒருத்தி கட்டினாள். அந்த வடு பல ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

மார்வலின் போட்டிப் பதிப்பகமான டிசியில், கிரீன் லேன்டர்ன் என்ற வீரனான ஹால் ஜோர்டன் கதை இதற்கு நேர் எதிர். 1994ல் மூன்றே இதழில் (48 முதல் 50 வரை) அவனைக் கொலைகாரனாக்கினார்கள். ரசிகர்கள் சங்கம் அமைத்தே போராடினார்கள். 1996ல் அணைந்துபோகும் சூரியனை மறுபடி ஏற்றி அவன் உயிரை விட்டான். சமாதானமாக வேண்டிய சாவுதான், ஆனால் ஆகவில்லை. செய்திருக்கவே மாட்டான் என்று ரசிகர்கள் நம்பிய குற்றத்துக்குப் பரிகாரம் என்ன வேண்டிக் கிடக்கிறது? அவனைத் திரும்பக் கொண்டுவந்த, 2004ல் தொடங்கிய ‘ரீபர்த்’ ஓரளவு ஏற்கப்பட்டதற்குக் காரணம், மஞ்சள் நிறத்தின்மேல் அவனுக்குச் சக்தி தரும் மோதிரத்துக்கு ஏன் பலமில்லை என்ற பழைய புதிருக்கும் சேர்த்தே அது விடை வைத்திருந்ததுதான்.

1985ல் டிசியின் ‘கிரைசிஸ்’ தொடரின் ஏழாவது இதழில் செத்த சூப்பர்கேர்ளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. பிரபஞ்ச வரலாறே மாற்றி எழுதப்பட்டு, அப்படி ஒருத்தி இருந்ததே யாருக்கும் நினைவில்லாமல் போனது. விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பெருமையும் பொறித்து, பீலி சூட்டியவர்கள் நாம். கல்லைப் பிடுங்கி எறிந்தால் எப்படி இருக்குமோ அப்படி. 1989ல் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் சில பக்கக் கதை வந்தது. தன் உதவியை யாரும் அறியவில்லையே என்று நொந்துபோன டெட்மேன் என்ற ஆவி வீரனோடு, பெயர் தெரியாத ஒரு பெண் பேசிவிட்டுப் போகிறாள். போகும்போதுதான் தன் பெயர் கேரா என்கிறாள், அது சூப்பர்கேர்ளின் பெயர். ரசிகர்கள் கேட்டது இவ்வளவுதான், நான்கு ஆண்டு கழித்தாவது கிடைத்தது.

திரும்பி வருவான் என்று தெரிந்தும் அழுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்திய பாரதச் சடங்குகளில் அரவான் களப்பலியும் உண்டு. கூடி நிற்பவர்களில் முடிவு தெரியாதவர் யார்?

இனி, சாவு இதழ்களை முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு. சூப்பர்மேன் சாகும், 1992 நவம்பரில் விற்பனைக்கு வந்த ‘சூப்பர்மேன்’ 75 (அட்டையில் 1993 ஜனவரி என்றிருக்கும், காமிக்ஸ் அட்டைத் தேதி எப்போதும் முன்னால் ஓடும்) ஆறு மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றது. எல்லாரிடமும் இருக்கும் பொருளுக்கு விலை ஏறாது. அந்தக் கறுப்பு உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள். அதற்கு முந்திய மூன்று வார இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், பிறகு மூன்று, பிறகு இரண்டு என்று படங்கள் குறைந்துகொண்டே வரும். 75ல் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. மூச்சு அடங்குவதைக் கட்டங்களாலேயே காட்டிய வேலை அது. 75ஐ மட்டும் வாங்கியவருக்கு வெறும் பெரிய பெரிய படங்கள்தான் தெரியும்.

உறைக்குள் கைப்பட்டி, சுவரொட்டி, அட்டை எல்லாம் சேர்ந்து இதழை அழுத்தித் தடம் பதிக்கும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தாள் நெளியும், இதழைத் தைத்த கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை விழும், பூஞ்சை பிடிக்கும். உறையை ஓரமாக வெட்டிப் பிரியுங்கள். இதழைத் தனியாக எடுத்து பாலிப்ரொப்பிலின் பையில், அமிலமற்ற அட்டையின் பளபளப்பான பக்கம் இதழைத் தொடும்படி போடுங்கள். சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். வீட்டுப் பாதுகாப்பு அறையில் பெட்டியைத் தள்ளிக் கதவைச் சாத்திவிடாதீர்கள், காற்றோட்டம் குறைந்த இடம் அது. கேமராவுக்கு வாங்கும் ஈரமகற்றும் அலமாரி இருந்தால் 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அதற்கு மிகவும் கீழே போனால் தாள் மொறமொறத்துவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2011 ஜனவரியில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 587ஆம் இதழைக் கறுப்புப் பையில் மூடி விற்றது, நால்வரில் சாகிறவர் யார் என்பதை மறைக்கத்தான். பையைப் பிரிக்கும் முன்பே பலருக்குச் செய்தித் தலைப்பில் பெயர் தெரிந்துவிட்டது. பிரதிகள் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேர வேண்டிய நம் ஊர் வாசகருக்கு இது இன்னும் மோசம். அந்த வீரன் அதே ஆண்டு 600ஆம் இதழில் திரும்பினான். இடைப்பட்ட காலத்தில் அவன் திரும்பத் திரும்பக் கொல்லப்பட்டு, திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டதைக் கொன்ற கதாசிரியரே எழுதிக் கணக்கைத் தீர்த்தார், ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறோம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது நீங்களும் தலைப்பிலும் படக்குறிப்பிலும் பெயரை விட்டுவிட்டு, நான்காவது ஐந்தாவது பத்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
படக்கதை வாசகர்கள்,
தோ பாயோ