வால்வைத் திருகுபவரும் அதே தெருக்காரர்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊராட்சிகளின் நிதி நெருக்கடி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணம் போதவில்லை என்பது உண்மைதான். 2020 முதல் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவன், அதை நான் மறுக்கவா போகிறேன்? ஆனால் சின்ன ஊராட்சியில் தினமும் கழுத்தைப் பிடிக்கிற இன்னொரு விஷயம் இருக்கிறது. முகதாட்சண்யம். அது எந்த அறிக்கையிலும் வராது.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி. காலை ஆறு மணிக்கு டேங்க் ஆபரேட்டர் கேட் வால்வைத் திறப்பார். பள்ளத் தெருவில் குடம் நிரம்பி வழியும். மேட்டுத் தெருவில் குழாய் 'புஸ்' என்று சீறும், காற்றுதான் வரும். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கிடைக்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவை வைத்துப் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். நடுவில் நாலைந்து வீட்டில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சுவதுதான் கணக்கில் வராது. யார் யார் வீடு என்று ஆபரேட்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மேட்டுத் தெருவுக்கும் தெரியும்.

ஒரு நாள் துணிந்து ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா எனக்கு அத்தை முறை. "வாப்பா, உட்காரு" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூலையில் கோணிச் சாக்குக்கு அடியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவர் அது கேட்காததுபோல் பேசினார், நானும் கேட்காததுபோல் பதில் சொன்னேன். என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். எழுந்து வந்துவிட்டேன். நான் ஜெயித்ததே 14 ஓட்டு வித்தியாசத்தில், அந்த வீட்டில் மட்டும் ஐந்து ஓட்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வரியும் இதே கதைதான். பாக்கி கேட்டுப் போனால், "என் வாசல்ல லைட் எரிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, எதுக்கு வரி?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பல்பு வாங்க வேண்டிய பொது நிதியில் விழுவதே அந்த வரிப் பணம்தான். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியம் வந்ததே என்று கேட்கலாம். அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவிட முடிந்தது, மீதி 40 சதவீதத்திலும் சம்பளம், நிர்வாகச் செலவுகளைத் தொட முடியவில்லை. ஆக, அவர் கட்டும் வரைக்கும் விளக்கு எரியாது, விளக்கு எரியும் வரைக்கும் அவர் கட்ட மாட்டார்.

அப்புறம் கையொப்பம். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரு வீட்டு விசேஷத்தில் முறைத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையில் லோ வோல்டேஜில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. குழாயைத் தூக்கி மோட்டாரை எடுத்து, கருகிய கம்பிச் சுருளை (காயில்) மறுபடி கட்ட இரண்டு நாள் ஆனது. பழுது பார்த்தவருக்குப் பணம் கொடுக்க இரண்டு மாதம். ஒருவர் கையொப்பமிட்டது தெரிந்தால் மற்றவர் வெளியூர் போய்விடுவார். அடுத்த முறை கூப்பிட்டபோது மெக்கானிக் போனையே எடுக்கவில்லை.

மேடைகளில் நாம் குடவோலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அதே உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினர்களையும் தேர்வில் சேர்க்கக் கூடாது என்கிறது. உறவுமுறை ஊர் நிர்வாகத்தை என்ன பாடுபடுத்தும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே யாரோ நன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் உறவே இல்லாத அதிகாரி நடத்தட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். அதையும் பார்த்தாயிற்று. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தது. அவருக்குத் தாட்சண்யம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்றியத்தின் மற்ற ஊராட்சிகளும் அவர் தலையில்தான், எங்கள் மேட்டுத் தெருக் குழாய் சீறுவது அவர் காதில் எப்படி விழும்? காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்று திட்டுவதற்காவது ஒரு உறுப்பினர் வேண்டும். என்னை நிறையத் திட்டியிருக்கிறார்கள், அதனால் சில நாளாவது தண்ணீர் வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, தனியாகச் சொல்ல முடியாததைக் கூட்டத்தில் வைத்துச் சொல்வதுதான். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை நடக்க வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் போதும். வருகிறவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு நிழல் தேடிப் போய்விடுகிறார்கள் என்பது வேறு விஷயம். தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், வரிப் பாக்கி உள்ள வீடுகளையும் மோட்டார் வைத்த வீடுகளையும் வாசித்துவிட வேண்டும் என்பது என் யோசனை. ஒரு ஆள் சொன்னால் பகை. பட்டியல் சொன்னால் யாரைப் போய் முறைப்பது?

2024 அக்டோபர் 2 கூட்டத்தில் வரிப் பாக்கியை மட்டுமாவது வாசிக்கலாம் என்று கேட்டேன். "முதல்ல உங்க வீட்டுப் பாக்கியப் படிங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊராட்சிச் செயலர் என்னைப் பார்த்தார். படியுங்கள் என்றேன். என் அப்பா பெயரில் இரண்டு வருடப் பாக்கி இருந்தது, எனக்கே தெரியாது. கூட்டம் சிரித்தது. மறுநாள் போய்க் கட்டினேன். அந்த வாரத்துக்குள் இன்னும் 17 வீட்டுக்காரர்கள் கட்டினார்கள். அத்தை வீடு அதில் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்