சாப்பிடாததால் மட்டுமல்ல இந்த மெலிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் குடல் அழற்சி நோய் பற்றி வந்த கேள்வி பதிலைப் படித்தேன். உடம்பு மெலிந்துகொண்டே போகிறதே என்று கேட்ட வாசகருக்கு, ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், குளூட்டமின் என்ற அமினோ அமிலத் தூளைத் தினமும் கலந்து குடித்தால் குடல் ஆறிவிடும் என்று பதில் தந்திருந்தார்கள். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லித்தருபவள். என் தம்பிக்குக் குடல் அழற்சி நோயின் ஒரு வகையான கிரோன் நோய். இந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

'ஒழுங்காகச் சாப்பிடு' என்று தம்பியிடம் சொல்லாதவர்களே கிடையாது. அம்மா தட்டில் அள்ளி வைப்பார். அவர் மனம் நோகக் கூடாதென்று அவனும் சாப்பிடுவான். பிறகு இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். அப்படியும் தோளெலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது. இந்த நோயில் பசி குறைவதும், வலிக்குப் பயந்து உணவைத் தள்ளிவிடுவதும் உண்மைதான். புண்பட்ட சிறுகுடல் சத்தைச் சரியாக உறிஞ்சாது, புண்களின் வழியே புரதம் கசிந்தும் போகும். ஆனால் அழற்சி உடம்புக்குள்ளேயே இன்னொரு வேலையும் செய்கிறது. அதை உங்கள் பதிலில் யாரும் சொல்லவில்லை.

புண்பட்ட குடலிலிருந்து கிளம்பும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிச் செய்திப் புரதங்கள் கல்லீரலை எட்டியதும், அது சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களை அவசர அவசரமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. இப்புரதங்களில் ஃபினைல்அலனின், டைரோசின், ட்ரிப்டோஃபான் ஆகிய அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்கள், அதிகம். தசைப் புரதத்தில் இவை அந்த விகிதத்தில் இல்லை. ஆகவே தேவையான அளவு கிடைக்க, கட்டப்படும் புரதத்தைவிடக் கூடுதலான தசை கரைய வேண்டியிருக்கிறது. மிஞ்சும் அமினோ அமிலங்களின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். கூரையைப் பிடுங்கி அடுப்பெரிக்கும் வீடு போலத்தான் அந்த உடம்பு. இதன்மேல் ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் தசை இன்னும் கரையும்.

ட்ரிப்டோஃபானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பால் தானே தயாரிக்க முடியாத அமினோ அமிலம் இது. அழற்சியின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன், ஐடிஓ என்ற நொதியைத் தூண்டிவிட, அந்த நொதி ட்ரிப்டோஃபானைக் கைனுரெனின் என்ற பொருளாக உடைத்துத் தள்ளுகிறது. ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட முடிவுகளில், நோய் தீவிரமாக இருந்தவர்களிடம் ட்ரிப்டோஃபான் குறைந்திருந்தது. அது உடைந்து வரும் பொருள்களில் ஒன்றான குயினோலினிக் அமிலம் கூடியிருந்தது. ஆக, குறைவுக்கு நோயாளியின் தட்டை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், குடலில் வாழும் பாக்டீரியாக்களும் ட்ரிப்டோஃபானிலிருந்து இன்டோல் வகைப் பொருள்களைச் செய்கின்றன. அவை குடற்சுவரைக் காக்கும் ஐ.எல்.22 என்ற செய்திப் புரதம் சுரக்கத் துணைநிற்பவை. இந்த நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்கள் அப்பொருள்களைக் குறைவாகவே செய்கின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஒரே அமினோ அமிலம்தான். நோயாளிக்குத் தேவையான இன்டோல் பாதை வறண்டுவிடுகிறது, கைனுரெனின் பாதையில் வெள்ளமாக ஓடுகிறது.

குறைவதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமே என்றுதான் எவருக்கும் தோன்றும். என் மாணவர்களும் வகுப்பில் இதையேதான் கேட்பார்கள். பெல்ஜியத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். நோய் அடங்கியும் சோர்வு விடாத நோயாளிகளுக்கு, ட்ரிப்டோஃபானிலிருந்து செரட்டோனின் உருவாகும் பாதையில் இடையில் வரும் 5-ஹைட்ராக்சி ட்ரிப்டோஃபானைக் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. இரத்தத்தில் செரட்டோனின் ஏறியது. ஆனால் சோர்வு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை.

நீங்கள் பரிந்துரைத்த குளூட்டமினின் கதையும் இதுவே. சிறுகுடல் செல்களுக்கு அது முக்கிய எரிபொருள் என்பதில் சந்தேகமில்லை. பெருங்குடல் செல்கள் பெரும்பாலும், குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்திலிருந்து செய்யும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை நம்பி வாழ்பவை. பெருங்குடலில் மட்டும் நோய் உள்ளவருக்கும் அதே அறிவுரை எப்படிப் பொருந்தும்? கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்குக் குளூட்டமின் கூட்டிய திரவ உணவும் குளூட்டமின் குறைவாக உள்ள திரவ உணவும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வந்தது. கூட்டியதால் கூடுதல் பலன் இல்லை. இருந்த ஆய்வுகளை அலசிய மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வும், குளூட்டமின் நோயை அடக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. 'குடல் ஆறிவிடும்' என்ற வரியை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணும்போது எனக்கு நடுக்கம் எடுக்கிறது.

உணவால் ஆவது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. கிரோன் நோய் தீவிரமாக உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரங்கள் திரவ உணவை மட்டும் கொடுப்பது முதல்நிலைச் சிகிச்சைகளில் ஒன்று. அமினோ அமிலங்களாகவே பிரித்துத் தந்த திரவமானாலும் முழுப் புரதம் உள்ள திரவமானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். புரதத்துக்கும் அளவு உண்டு. நோய் தீவிரமாக இருக்கும்போது பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அடங்கியபின் சுமார் 1 கிராம் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவர் தீவிர நிலையில் 60 முதல் 75 கிராம் எடுக்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கணக்கு மாறும். இதையெல்லாம் உணவியல் நிபுணர் எதிரில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. தம்பியின் அறிக்கையில் அது குறைந்திருந்தபோது, 'பார், சத்தே இல்லை' என்றார் உறவினர் ஒருவர். அழற்சி இருந்தாலே அல்புமின் இறங்கும். அதை வைத்து ஒருவர் சாப்பிட்டாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. எடை எவ்வளவு குறைந்தது, கைப்பிடியில் வலு இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன்படும்.

பிறகு மருத்துவர் மருந்தை மாற்றி, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற சைட்டோகைனைத் தடுக்கும் ஊசி போடத் தொடங்கினார். சி.ஆர்.பி. இறங்கியது. தம்பி உண்ட அளவு பெரிதாக மாறிவிடவில்லை. ஆனாலும் மாதங்கள் போகப்போக உடம்பில் சதை பிடித்தது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் உறுதி கூறவில்லை, ஒரே மருந்து எல்லோருக்கும் கேட்பதுமில்லை. அழற்சியை அடக்காமல் தட்டை மட்டும் நிரப்பச் சொன்னது அவனுக்குப் பழியைத்தான் சேர்த்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

தயவுசெய்து அந்தப் பதிலுக்குத் திருத்தம் வெளியிடுங்கள். குடல் நோய் மருத்துவர் ஒருவரும் உணவியல் நிபுணர் ஒருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை ஒன்றையும் அதே பக்கத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். குறிப்பாக, உடம்பு மெலிகிறதே என்று கேட்ட அந்த வாசகரிடம், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

தம்பியின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியை ஒருவர்