ஹீட் பம்ப் சுடுதண்ணி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மெல்பேர்ணில் டன்டினோங், நோபிள் பார்க், கிளேட்டன் பக்கம் எங்களிடம் சுடுதண்ணித் தாங்கி பூட்டியவர்களில் பாதிப் பேருக்கு என் குரலே தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு ஓடித் திரிகிறது: "காஸைக் கழற்றிப்போட்டு ஹீட் பம்ப் போட்டோம். இப்ப பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறம்." எனக்கே அதை ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு விளங்காதா?

அந்த வீட்டுக்கு நான் போனேன். யூலை மாதம், இங்கே நல்ல குளிர்காலம், இரவு ஏழரை மணி. பின்வளவில் தாங்கியைக் காணவில்லை, நீலத் தார்ப்பாய் ஒன்றுதான் கயிறு கட்டி நிற்கிறது. மழையில் நனையக்கூடாது என்று மூடினார்களாம். காற்று இழுக்கும் பக்கத்தில் சப்பாத்துத் தட்டு வேறு. ஹீட் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டி செய்வதையே மறுவளமாகச் செய்வது. வெளிக்காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணிக்குள் விடும். 10 பாகையில் வருகிற 250 லீட்டர் தண்ணியை 60 பாகைக்குக் கொண்டுவரப் பழைய மின்சாரத் தாங்கிக்குப் பதினான்கு யூனிட்டுக்கு மேல் வேண்டும். இதற்கு ஐந்து யூனிட் அளவில் முடிந்துவிடும். மிச்சம் காற்றிலிருந்து வருகிறது. காற்றைக் கட்டிப்போட்டால் அது எங்கே போய்ச் சூட்டை எடுக்கும்? தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே தகடு முழுக்க வெண்பனி.

போதாததற்கு, கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்தவர்களோடு அன்று வீட்டில் ஒன்பது பேர். உடனடிக் காஸ் ஹீட்டர் என்றால் ஒன்பது பேரும் வரிசையில் குளிக்கலாம். தாங்கி அப்படியில்லை. முடிந்தால் முடிந்ததுதான், திரும்பச் சூடேற நாலைந்து மணித்தியாலம் வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. கூரையில் சோலார் இருப்பதால் பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை ஓடும்படி டைமரை வைத்தது நாங்கள்தான். அதை அந்த வீட்டு ஐயாவுக்குக் காட்டினோம், குரல்பதிவு போட்ட அக்காவுக்குக் காட்டவில்லை. இரவில் தண்ணி முடிந்தால் அடுத்த நாள் பத்து மணி வரை அது அசையாது. பட்டனை அமத்தி உடனே ஓட வைக்கலாம் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குரல்பதிவே வந்திராது. அன்றிரவே சரிசெய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதைப் பற்றி ஒரு குரல்பதிவும் வரவில்லை, பரவாயில்லை.

ஆனால் அந்தப் பதிவின் கடைசியில் ஒரு வசனம் வருகிறது: "மற்ற ஆட்கள் சும்மா போட்டுக் குடுக்கினம், இவர்தான் காசடிக்கிறார்." அதுதான் நெஞ்சில் தைத்தது. விக்டோரியா அரசின் சலுகையும் மத்திய அரசின் சலுகையும் சான்றிதழாகத்தான், அதாவது விற்றுக் காசாக்கும் பத்திரமாகத்தான் வருகின்றன. இரண்டையும் கழித்த பிறகுதான் உங்களுக்கு விலை சொல்கிறோம். மிச்சக் காசு எதற்கு? பழைய காஸ் பைப்பை முறைப்படி அடைக்க, தாங்கிக்குக் கீழே தளம் போட, சுவிட்ச்போர்டிலிருந்து தனி வயர் இழுக்க, குளியலறைக் குழாயில் 50 பாகைக்கு மேல் வராதபடி வால்வு வைக்க. ஒருவருக்குப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை யன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு, சத்தம் என்று அவர்கள் சொன்னதும் எங்கள் செலவில் மற்றப் பக்கம் மாற்றிக் கொடுத்தோம். சும்மா போட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள், தொலைபேசி எடுக்கிறார்களா என்று. மத்திய சலுகை வேறு ஒவ்வொரு சனவரி முதலாம் தேதியும் குறைந்து 2030 இறுதியோடு நின்றுவிடும். அதுவும் என் கையில் இல்லை.

எங்களோடு நின்ற எலெக்ட்ரிசியன் தம்பி குடும்பத்தோடு பேர்த் போய்விட்டார். நல்ல பெடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வயர் வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்யலாம் என்பதால், வேறொருவர் கிடைக்கும் வரை பூட்டுவதற்கு மூன்று கிழமை அளவு எடுக்கும். 2027 மார்ச் முதலாம் தேதியிலிருந்து பழுதாகிப்போன காஸ் சுடுதண்ணி ஹீட்டருக்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடுவதைத்தான் போட வேண்டும் என்று விக்டோரியா அரசு அறிவித்ததிலிருந்து அழைப்புகளும் கூடிவிட்டன. திருத்தக்கூடிய காஸ் ஹீட்டரைத் திருத்தலாம், அதற்குத் தடையில்லை. பயந்து நல்லதைக் கழற்ற வேண்டாம்.

அடுத்த மாதம் முதல் வந்து பார்ப்பதற்கு 90 டொலர் எடுப்போம்.

குரல்பதிவைக் கேட்டுவிட்டு "அண்ணை, எங்கட வீட்டுத் தண்ணி நல்லாச் சுடுது" என்று எழுதிய எல்லாருக்கும் நன்றி. சுடச்சுட வடையோடு கடைக்கே வந்த ஸ்பிரிங்வேல் அம்மாவுக்குத் தனி நன்றி. வேலை கிடைக்காத முதல் வருடத்தில் எங்களை நம்பித் தாங்கி வாங்கியவர்களை நானும் மனைவியும் மறக்கமாட்டோம்.

சந்தேகம் இருந்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். டைமரை வீடியோவிலேயே காட்டித் தருகிறேன், அதற்குக் காசில்லை. வீட்டில் எல்லாரும் பக்கத்தில் நின்றால் நல்லது.

அன்புடன்,
உங்கள் சுடுதண்ணிக் கடைக்காரன்

பி.கு.: தார்ப்பாய் போட்டிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். அது மழையில் நிற்கச் செய்த சாமான்தான்.